வண்ணக்கனும் இணைய ஏலமும்: தென்சென்னைப் பழங்காசு வாணிகம் பற்றிய ஓர் ஆய்வு

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அரசு முத்திரையிட்டு வழங்கும் காசு ஒன்று. சொல் பிறழாத நேர்மை மற்றொன்று. காசின் பெயரே நேர்மைக்கும் பெயராயினமை தற்செயலன்று. காசு வெறும் உலோகத் துண்டன்று. அதன் எடைக்கும் மாற்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்றார் என்பதற்குச் சான்றும் ஆகும். அப்பொறுப்பை ஆராய்ந்து கூறுவோரைப் பண்டைத் தமிழர் வண்ணக்கர் என்று வழங்கினர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் எனச் சங்கப் புலவர் சிலர் இத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு தாங்கி நிற்றலைக் காண்கின்றோம். நாணய நோட்டம் செய்வோர் நற்றமிழ்ப் பாவலராகவும் விளங்கினர் என்பது நம் இலக்கிய வரலாறு காட்டும் உண்மை.

இன்று பழங்காசு வாணிகம் பெரும்பாலும் இணைய ஏலங்களின் வழியே நடைபெறுகின்றது. தாம்பரத்தில் ஒரு வீட்டுப் பெட்டியில் கிடந்த வெள்ளி ரூபாய் ஒரு கிழமைக்குள் அயல்மாநிலத்தார் கைக்குப் போய்விடுகின்றது. இவ்வாணிகத்தில் வண்ணக்கன் யார்? காசு கைமாறும்பொழுது அதனோடு கைமாறாமல் ஒழிந்துபோவது யாது? இவ்விரு வினாக்களையும் தென்சென்னைப் பகுதிச் சான்றுகளைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏலமும் சந்தையும்

முதற்கண் ஏலம் என்னும் சொல்லைக் காண்போம். மணப்பொருளாகிய ஏலம் வேறு; போட்டியிட்டு விலை கூறும் ஏலம் வேறு. பின்னது போர்ச்சுகீசிய மொழியின் 'லெய்லாவ்' என்னும் சொல்லின் திரிபு. அச்சொல்லும் அரபு மொழியிலிருந்து போர்ச்சுகீசியர் பெற்றதே என்பர். அறிவித்தல் என்னும் பொருளுடைய சொல் கடல் கடந்து வந்து தமிழில் நிலைத்தது. கீழைக்கடற்கரை வாணிகத்தில் ஐரோப்பியர் கலந்தமைக்கு இச்சொல்லும் ஒரு சான்று.

பழங்காசுகளைத் திரட்டி ஆராயும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாட்டில் வேரூன்றியது. சர் வால்டர் எலியட் எழுதிய தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூல் 1886-இல் வெளிவந்தது. கேப்டன் டஃப்னெல் தென்னிந்தியாவில் காசு திரட்டுவோர்க்கென ஒரு வழிகாட்டி நூலை இயற்றினார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அங்குள்ள காசுகளுக்கு அட்டவணைகள் வகுத்தார். தமிழரான தேசிகாச்சாரியாரின் தென்னிந்தியக் காசுகள் பற்றிய ஆங்கில நூல் 1933-இல் வெளிவந்தது. அந்நாளில் காசு திரட்ட விரும்பியோர் சராப்புக் கடைக்கும் தட்டார் பட்டறைக்கும் நேரிற் சென்றனர். உருக்குதற்கு வந்த காசுகளுள் அரியவற்றைப் பொறுக்கி, உலோக விலைக்குமேற் சிறிது கொடுத்து வாங்கினர். விற்போரும் வாங்குவோரும் காசை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கையில் வாங்கி எடை பார்த்தே விலை பேசினர்.

அவ்வழக்கத்தின் எச்சத்தைப் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்றும் காணலாம். பழைய நெடுஞ்சாலையின் ஓரத்தில் பூச்செடி, பழந்தட்டுமுட்டுப் பொருள்கள், பழைய கடிகாரங்கள் ஆகியவற்றினிடையே, துணி விரித்து அதன்மேற் காசுகளைக் குவித்து வைத்திருப்போர் உளர். மலாயா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளுக்குப் பிழைக்கச் சென்று மீண்ட தமிழர் கொணர்ந்த அயல்நாட்டுக் காசுகளும் அக்குவியல்களில் இடம்பெறும். அவை ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பயண வரலாற்றுக்குச் சான்றாவன. ஆயினும் குவியலிற் கலந்தபின் அவ்வரலாற்றைச் சொல்வார் இலர்.

இணைய ஏலமோ சந்தையின் இயல்பையே மாற்றிவிட்டது. இப்பொழுது ஈபே என்னும் பெயரால் அறியப்படும் ஏலத்தளம் 1995-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலே தோன்றியது. இந்தியாவில் பாசி என்னும் ஏலத்தளத்தை அது 2004-இல் வாங்கித் தன் பெயரால் நடத்தியது. அவ்விந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. ஆயினும் அதற்குள் ஏலவழி வாணிகம் மக்களிடையே பழகிவிட்டது. இன்று மும்பை, பெங்களூர், அகமதாபாது போன்ற நகரங்களின் நாணய ஏல நிலையங்களும் தம் ஏலங்களை இணையத்தின் வழியும் நடத்துகின்றன.

இவ்வேலத்தின் முறை எளிது. விற்பவர் காசின் இருபுறப் படங்களையும் தொடக்க விலையையும் அறிவிப்பார். கேட்போர் தாம் கொடுக்க இசையும் உச்ச விலையை மறைவாகப் பதிந்து வைக்கலாம். பிறர் விலையை உயர்த்துந்தோறும் அவ்வுச்சம் எட்டும்வரை அமைப்பே படிப்படியாக அவர் விலையையும் உயர்த்திச் செல்லும். குறித்த நேரம் முடிந்ததும் மிக்க விலை கேட்டவர்க்குக் காசு உரியதாகும். நம்பிக்கைக்கு அடிப்படையாக அமைவது விற்பவரைப் பற்றி முன் வாங்கியோர் இட்ட மதிப்பெண்ணே. காசைத் தொட்டுப் பார்த்தல் இல்லை. எடையைத் தம் தராசில் இட்டுப் பார்த்தல் இல்லை. ஆகவே வண்ணக்கன் இருந்த இடத்தில் இன்று ஒரு படமும் ஒரு மதிப்பெண்ணும் மட்டுமே நிற்கின்றன.

காசும் கிடைத்த இடமும்

இனி, காசின் மதிப்பு எதனால் அமைகின்றது என்பதை ஆராய்வோம். வாணிகர் கூறும் மதிப்பு அருமை, அழகு, தேய்வின்மை ஆகியவற்றைப் பொறுத்தது. வரலாற்றாசிரியர் கூறும் மதிப்போ வேறு. அதனைப் பல்லாவரத்திற் கிடைத்த ஒரு கல்லைக் கொண்டே விளக்கலாம். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் பல்லாவரத்துச் சரளைக் குழியிலிருந்து கற்கருவி ஒன்றை எடுத்தார். சந்தையில் அக்கல்லுக்கு அன்று ஒரு காசும் கிடைத்திராது. ஆயினும் எடுத்த இடத்தையும் நாளையும் அவர் குறித்து வைத்தமையால், இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அதனின்று தொடங்கியது. அக்கல்லுக்கு வரலாற்று மதிப்பு அளித்தது அக்குறிப்பேயாகும்.

இதே உண்மையைத் தென்சென்னையின் மற்றொரு பகுதியாகிய மாம்பலத்திற் கிடைத்த புதையல் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. அங்கு எழுநூற்றுக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகளோடு உரோமப் பேரரசர் அகஸ்டசின் வெள்ளித் தெனாரியம் ஒன்றும் கிடைத்தது. முத்திரைக் காசுகளில் அரசன் பெயரோ ஆண்டோ இல்லை. கதிரவன், விலங்கு, மரம் போன்ற குறிகளே உள்ளன. அவை வடநாட்டில் கிறித்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே தோன்றியவை. அவை தமிழகத்தில் எந்நாள்வரை வழங்கின என்பதைக் காசை மட்டும் நோக்கி அறிதல் அரிது. அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டவர். அவர் காசு உடன்கிடந்தமையால், அப்புதையல் அவர் காலத்திற்கு முன்னர்ப் புதைக்கப்பட்டிருத்தல் இயலாது. எனவே, கிறித்து பிறந்த காலத்தை ஒட்டியும் இத்தொண்டைநாட்டுக் கடற்கரையில் முத்திரைக் காசுகள் செல்வமாகப் போற்றப்பட்டன என்னும் முடிவு பெறப்படுகின்றது.

இம்முடிவுக்கு அடிப்படையாவது யாது? எழுநூறு காசுகளும் அல்ல. ஒரு தெனாரியமும் அன்று. அவை ஒருங்கு கிடந்தன என்னும் செய்தியேயாகும். அப்புதையல் இன்று கிடைத்து, தெனாரியம் ஒரு ஏலத்திலும் முத்திரைக் காசுகள் பத்துப்பத்தாக வேறு ஏலங்களிலும் விற்கப்பட்டிருப்பின், காசு ஒன்றேனும் அழிந்திராது. எல்லாம் எவரேனும் ஒருவர் பேழையிற் பாதுகாப்பாகவே இருக்கும். ஆயினும் வரலாறு அழிந்திருக்கும். காசைக் காத்தலும் வரலாற்றைக் காத்தலும் வேறு வேறு என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழகத்தின் மற்றொரு பகுதியிலிருந்து இதற்கு ஒப்பான சான்று ஒன்று தருவோம். புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் உரோமப் பொற்காசுகள் 501 கிடைத்தன. ஜார்ஜ் ஹில் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து அவ்வாண்டே வெளியிட்டார். அவற்றுட் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மேல் உளிவெட்டு இருந்தது. ஒரு காசில் வெட்டு இருப்பின் அதனைக் குறை என்போம். ஏலத்தில் அதன் விலையும் குறையும். ஒரே புதையலில் நூற்றுக்கணக்கான காசுகளில் வெட்டு இருப்பின், அஃது ஒரு வழக்கம் என்று அறிவோம். அக்காசுகள் இந்நாட்டில் நாணயமாக வழங்காமல், எடைக்குரிய பொன்னாகவே மதிக்கப்பட்டன என்னும் கருத்துக்கு அவ்வெட்டுகளே இடந்தந்தன. விலையைக் குறைக்கும் குறையே வரலாற்றை விளக்கும் விளக்காதலும் உண்டு.

சந்தை தந்த நன்மை

இங்ஙனம் கூறுதலால், சந்தை வாணிகத்தால் ஆராய்ச்சிக்கு யாதொரு பயனும் இல்லை என்று கொள்ளற்க. தமிழக நாணயவியலின் பெருந்திருப்பமே சந்தையிற் கிடைத்த காசுகளால் நேர்ந்தது. சங்க காலத் தமிழ் வேந்தர்க்குத் தம் பெயர் பொறித்த காசுகள் இல்லை என்று கருதப்பட்ட காலம் உண்டு. நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1980-களில் பெருவழுதி என்னும் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட பாண்டியர் செப்புக் காசை அறிவித்தார். அதனைத் தொடர்ந்து, மாக்கோதை, குட்டுவன் கோதை முதலிய சேரர் பெயர் பொறித்த காசுகளும் வெளிப்பட்டன. கரூரில் அமராவதி ஆற்றுமணலை அரித்துக் காசு எடுப்போரும், அவற்றை வாங்கி விற்கும் வாணிகரும் இல்லாதிருப்பின், அக்காசுகளுட் பல உருக்குக் குகைக்கே சென்றிருக்கும்.

இணைய ஏலத்தாலும் ஒரு புதுநன்மை உண்டு. முன்னாளில் காசுகள் தனியார் பேழைகளுள் மறைந்து கிடந்தன. இன்று ஏல நிலையங்கள் தாம் விற்கும் ஒவ்வொரு காசின் படத்தையும் எடையையும் அளவையும் வெளியிடுகின்றன. ஏலம் முடிந்தபின்னும் அவை தொகுத்து வைக்கப்படுகின்றன. ஒரே அச்சிலிருந்து அடிக்கப்பட்ட காசுகளை அப்படங்களின் துணையால் ஒப்பிட்டுக் காணலாம். முதுகலை மாணவர் ஒருவர் தாம்பரத்தில் இருந்தபடியே இலண்டனிலும் மும்பையிலும் விலைபோன சோழர் காசுகளை ஆராய்தல் இன்று கூடும். இவ்வாய்ப்பு எலியட்டுக்கும் தர்ஸ்டனுக்கும் கிட்டாதது.

ஆகவே, ஏலத்தை இகழ்தலும் வேண்டா; புகழ்தலும் வேண்டா. அதில் எஞ்சுவது யாது, எஞ்சாதது யாது என்பதைப் பகுத்தறிதலே வேண்டும். படம் எஞ்சுகின்றது, எடை எஞ்சுகின்றது, விலை எஞ்சுகின்றது. கிடைத்த இடமும் உடன்கிடந்த காசுகளும் எஞ்சவில்லை.

நோட்டமும் பிழையும்

இணைய அறிவிப்புகளில் யாம் பெரும்பாலும் காணும் பிழை, காசின்மேல் எழுதியுள்ளதை அவ்வாறே உண்மையெனக் கொள்ளுதல். இதற்கு ஆர்க்காட்டு ரூபாய் தக்க எடுத்துக்காட்டு. ஆர்க்காடு என்னும் பெயர் பொறித்த ரூபாய்கள் ஆர்க்காட்டில் மட்டும் அடிக்கப்பட்டவை அல்ல. சென்னைக்குத் தெற்கே கடற்கரையிலுள்ள ஆலம்பரையில் நவாபின் அக்கசாலை ஒன்று இருந்தது. பிரெஞ்சுக்காரர் 1736-இல் உரிமை பெற்றுப் புதுச்சேரியில் ரூபாய் அடித்தனர். ஆங்கிலக் கும்பினியார் 1742-இல் உரிமை பெற்றுச் சென்னையில் அடித்தனர். பிறையின் குறி புதுச்சேரிக்கும் தாமரையின் குறி சென்னைக்கும் உரியன. இவ்வேறுபாடு அறியாதார் எல்லாவற்றையும் ஆர்க்காட்டுக் காசென்றே அறிவிக்கின்றனர்.

ஆண்டும் அவ்வாறே. சென்னைக் கும்பினியாரின் ஆர்க்காட்டு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜிரி 1172 என்னும் ஆண்டும் உள்ளன. அவ்வரசர் 1759-இல் இறந்தார். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதே பெயரோடும் ஆண்டோடும் காசு அடிக்கப்பட்டது. விக்டோரியா அரசியின் 1862 என்னும் ஆண்டு பொறித்த ரூபாயும் 1874 வரை அதே ஆண்டுடன் அடிக்கப்பட்டதேயாகும். காசின் ஆண்டு வேறு, அடித்த ஆண்டு வேறு என்பதை நன்கு உணராதார் காசைக் கொண்டு காலம் கணித்தல் பிழைபடும்.

போலிக் காசு பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். 1835 முதல் 1939 வரை அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. எடையில் வேறுபாடு மிகுந்தால் ஐயம் கொள்ளுதல் வேண்டும். அச்சில் அடித்த காசின் எழுத்துகள் கூர்மையுடையன. வார்ப்பில் ஊற்றிய போலியில் அவை மழுங்கியும், பரப்பில் நுண்துளைகள் விழுந்தும், விளிம்பில் இணைப்புக் கோடு தோன்றியும் இருக்கும். இவற்றைக் கையும் தராசுமே காட்டும். படம் பெரும்பாலும் காட்டாது.

இந்நோட்டம் புதியதன்று. முத்திரைக் காசுகளின் பின்புறத்திற் காணப்படும் சிறுசிறு குறிகளைக் காசு ஆராய்வோர் இட்ட சான்றுக் குறிகள் என்று அறிஞர் பலர் கருதுவர். சோழர் கல்வெட்டுகளில் அன்றாடு நற்காசு, பழங்காசு, ஈழக்காசு, துளைநிறை செம்பொன் என வரும் வழக்குகளும் நோக்கத்தக்கன. கோயிலுக்கு அளித்த காசு எவ்வகையது, எம்மாற்றினது என்பதைக் கொடுத்தவர் பெயரோடும் ஊரோடும் கல்லில் வெட்டி வைத்தனர் நம் முன்னோர். காசின் பெயரையும் இடத்தையும் ஒருங்கே பதிவு செய்யும் அறிவு நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதன்று; மறந்ததை நினைவூட்டினாற் போதும்.

சட்டம் கூறுவது

இனிச் சட்டத்தின் நிலையைக் காண்போம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர், அதன் இயல்பு, மதிப்பு, இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. அறிவித்தவர்க்கு அச்சட்டம் பங்கு தருகின்றது. மறைத்தவர் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவர். அரசு புதையலை எடுத்துக்கொள்ளின், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தருதல் வேண்டும். இச்சட்டத்தின் உயிர்நாடி இடமும் நாளும் அறிவித்தல் என்பதை வரலாற்று மாணவர் மறத்தல் ஆகாது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய காசும் அதன்படி தொல்பொருளாகும். அதனை நாட்டுக்கு வெளியே அனுப்பும் உரிமை நடுவண் அரசுக்கும் அதன் ஒப்புதல் பெற்ற நிறுவனத்திற்குமே உண்டு. மீறுவோர்க்குச் சிறைத்தண்டனையும் உண்டு. தொல்பொருளை வாணிகமாக விற்போர் உரிமம் பெறுதலும் வேண்டும். இந்நூறாண்டு எல்லை ஆண்டுதோறும் நகர்ந்து செல்வது. 1918 என்னும் ஆண்டு பொறித்த ரூபாய் 2010-இல் தொல்பொருளன்று, 2018-க்குப்பின் தொல்பொருள். பாட்டியார் பெட்டியில் உறங்கிய காசு உறங்கியபடியே தொல்பொருளாகிவிட்டது. அதனை அயல்நாட்டு ஏலத்தில் விற்று அஞ்சலில் அனுப்பும் இளைஞர் தாம் சட்டத்தை மீறுகின்றோம் என்பதையே அறியார்.

செய்யத்தக்கது

சட்டம் ஒன்றே இக்குறையைப் போக்காது. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை ஏரிக்கரைகளும் வயல்களும் அடுக்கு வீடுகளாக மாறிவருகின்றன. அடித்தளம் தோண்டுங்கால் மண்ணிலிருந்து ஒரு கலயம் வெளிப்படின், அதனை முதலிற் காண்போர் கூலித்தொழிலாளரே. அச்சம் அவரை மறைக்கச் செய்யும். இணையம் அவர்க்கோ இடையில் நிற்போர்க்கோ விற்கும் வழியைக் காட்டும். அச்சத்தைப் போக்கிப் பங்கு உண்டு என்பதை அறிவித்தல் முதற்கடமை.

இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கப்பட்ட பதிவுத்திட்டம் ஒன்று, பொதுமக்கள் கண்டெடுத்த பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்களை, கிடைத்த இடத்தோடு பதிந்துள்ளது. சட்டப்படி புதையலாகாத பொருள்கள் பெரும்பாலும் உரியவர் கையிலேயே இருக்கும். செய்தி மட்டும் அனைவர்க்கும் பொதுவாகும். அம்முறையை ஒட்டி, தென்சென்னையின் கல்லூரிகளில் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் இணைந்து பழங்காசுப் பதிவேடு ஒன்றைத் தொடங்குதல் தக்கது. காசின் இருபுறப் படம், எடை, கிடைத்த இடம், உடன்கிடந்தவை, எவ்வழி வந்தது என்னும் ஐந்து செய்திகள் போதும். வீட்டுப் பெட்டியிற் கிடந்த காசாயின், அதனைக் கொணர்ந்தவர் எந்நாட்டினின்று எப்பொழுது வந்தார் என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதலாம். புதையலாயின் ஆட்சியர்க்கு அறிவிக்கும் கடமையை எடுத்துக் கூறி, அதற்குத் துணை செய்தல் வேண்டும். இப்பதிவுக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் பொறுமையும் உடைய மாணவர் சிலரும் இருந்தாற் போதும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இணைய ஏலம் காசைப் பரப்பும் ஆற்றலுடையது. காசின் வரலாற்றைக் காக்கும் ஆற்றல் தானே உடையதன்று என்பது விளங்கும். மாம்பலத்துத் தெனாரியம் நமக்குப் பேசியது, அதன் அருகிற் கிடந்தவை எவை என்பதை ஒருவர் எழுதி வைத்தமையால். பல்லாவரத்துக் கல் பேசியதும் அவ்வாறே. விலை கேட்போர் ஆயிரவர் உளராயினும், கிடைத்த இடம் கேட்போர் ஒருவரும் இலராயின், காசு ஊமையாகிவிடும். அதனைப் பேசச் செய்தவரே பண்டை வண்ணக்கர். அத்தொழிலைச் சந்தை கைவிட்ட இந்நாளில், அதனை மேற்கொள்ளும் கடமை தமிழ் மாணவர்க்கு உரியது என்பது எம் கருத்து.